கந்தகம் போடாத செருப்பு

மார்த்தாண்டத்துச் செருப்புக் கம்பெனியில் ரப்பர் கலவை போடுகிறவள் லில்லிபாய். புருஷன் இறந்தபின் அவளுக்குப் பேச்சுத்துணை இயந்திரத்தின் இரைச்சல்தான்.

ஒருநாள் முதலாளி, “கந்தகம் வீண் செலவு. இனி அது இல்லாமலே ரப்பரை வேகவை. செருப்பு கெட்டால் உனக்கு வேலை கிடையாது” என்றார்.

“கந்தகம் இல்லன்னா ரப்பர் இறுகாதே, முதலாளி.”

“சொன்னதைச் செய்!”

செய்தாள். சரக்கெடுக்க வியாபாரி வந்தபோது முதல் ஜோடியை முதலாளியின் காலடியில் வைத்தாள். “நீங்க சொன்ன கலவை. நீங்கதான் முதல்ல போட்டு நடக்கணும்.”

முதலாளி பெருமையோடு வெயிலில் இறங்கினார். கொஞ்ச தூரத்திலேயே செருப்பு சூடான சிமெண்டுத் தரையில் ஒட்டிக்கொண்டது. வெறுங்காலோடு துள்ளினார். வியாபாரி விழுந்து விழுந்து சிரித்தார்.

“கந்தகத்தைப் போட்டுத் தொலை!” என்று முதலாளி கத்தினார்.

சாயங்காலம் சோறு வடிக்கும்போது லில்லிபாய்க்கு அந்தத் துள்ளல் ஞாபகம் வந்தது. “கேட்டீங்களா...” என்று திரும்பினாள். யாருமில்லை. கொஞ்ச நேரம் தனியாகவே சிரித்தாள்.