தேர் இழுக்க நாலு வார்த்தை

முன்னொரு காலத்தில், வெள்ளைக்காரக் கப்பல்கள் துணிமூட்டை ஏற்ற வந்துபோன நாளில், கடலோரத்து ராஜா ஒருவருக்கு இங்கிலீஷ் பித்து ஏறியது. ஏற்றிவிட்டவர் துபாஷி ரங்கப்பர். கப்பல்காரர்கள் பேசுவதை ராஜாவுக்குத் தமிழில் சொல்வது அவர் உத்தியோகம்.

"மகாராஜா, நாம் எல்லாவற்றுக்கும் 'இழு' என்று சொல்லிக் காலம் தள்ளுகிறோம். அவர்களுக்கோ ஒவ்வோர் இழுப்புக்கும் தனி வார்த்தை. வண்டிக்குப் பின்னால் வண்டியைக் கட்டி இழுத்தால் 'டோ'. பாரத்தை மூச்சுப்பிடித்து இழுத்தால் 'ஹால்'. தரையில் தேய்த்து இழுத்தால் 'டிராக்'. வெடுக்கென்று இழுத்தால் 'டக்'."

ராஜா சொக்கிப்போனார். இந்த வருஷக் கோயில் தேரோட்டத்தில் ரங்கப்பர் தேர்த்தட்டில் நின்று சரியான வார்த்தையைச் சொல்லவேண்டும், ஜனங்கள் அதன்படி இழுக்கவேண்டும் என்று தண்டோரா போட்டாயிற்று.

"தேருக்கு இங்கிலீஷ் தெரியுமா, பிரபு?" என்று கேட்டுவிட்டான் அரண்மனை விகடன் வேலாண்டி. அவன் வாய் சும்மா இருந்தால்தானே. ரங்கப்பர் அதை மனசில் முடிந்துவைத்துக்கொண்டார்.

தேர் தெற்கு வீதி முனைவரை எப்படியோ வந்தது. அங்கே துபாஷி "ஹால்" என்று கத்தினார். பாதிப்பேர் இழுத்தார்கள். மீதிப்பேர், "அண்ணே, ஹாலுன்னா இழுக்கவா, நிக்கவா?" என்று பக்கத்து ஆளைக் கேட்டார்கள். அதற்குள் "டக்" என்றார். வடம் ஒருபக்கமாக வெட்டி இழுக்க, சக்கரம் மணலில் இறங்கித் தேர் நின்றுவிட்டது.

"வேலாண்டி தேரைக் கேலி செய்தான் மகாராஜா, அதுதான் தேர் நின்றுவிட்டது. அவனே இழுத்து நிலைக்குக் கொண்டுவரட்டும்" என்றார் ரங்கப்பர்.

ராஜாவுக்கும் கோபம். "வேலாண்டி, உதவிக்கு ஒருவரையும் நீ கூப்பிடக்கூடாது. பொழுது சாய்வதற்குள் தேர் நிலைக்கு வரவேண்டும். இல்லையென்றால் இன்றே குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போய்விடு."

கூட்டத்தில் வேலாண்டியின் மனைவி காத்தாயி ஒன்பது மாத வயிற்றோடு நின்றாள். வேலாண்டி அவளைப் பார்த்தான். இந்த நிலையில் அவளை எந்த ஊருக்கு நடத்திக் கூட்டிப்போவது? தலை குனிந்தவன் கண்ணில் மணலில் கிடந்த வடம் பட்டது.

"உத்தரவு, பிரபு. ஆனால் நின்ற தேர் கிளம்ப ராஜா முதலில் வடம் பிடிக்கவேண்டும். பிடித்த கையைத் தேர் நகரும்வரை எடுக்கவும் கூடாது. வழக்கத்தை நான் மீறலாமா?"

காலையில் தேர் கிளம்பியபோது ராஜா வடம் பிடித்தது கண்மூடித் திறக்கிற வேலையாக முடிந்திருந்தது. ராஜா வந்து வடத்தைப் பிடித்தார். வேலாண்டியும் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். தேர் அசையவில்லை. அவன் போய்த் தேர் நிழலில் உட்கார்ந்து வெற்றிலைப் பையை அவிழ்த்தான்.

"என்ன செய்கிறாய்?"

"இளைப்பாறுகிறேன், பிரபு. பொழுது சாய இன்னும் பதினைந்து நாழிகை இருக்கிறதே."

உச்சி வெயில் கிரீடத்தைக் காய்ச்சியது. தேங்காய் நார் உள்ளங்கையை அறுத்தது.

"ஆட்களைக் கூப்பிட்டுத் தொலை."

"கூப்பிடக்கூடாது என்று உத்தரவாயிற்றே, பிரபு."

அர்ச்சகர்கள் முதல் ஊர் ஜனம் வரை எல்லார் கண்ணும் ராஜாவின் கைமேல்தான். எடுக்கவும் முடியாது. வேலாண்டி நிதானமாக இரண்டாவது வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினான்.

"இழுங்கடா!" என்று ராஜா அலறினார்.

வீதியே வடத்தின்மேல் பாய்ந்தது. ராஜாவே பிடித்த வடத்தை மந்திரி பிரதானிகள் பார்த்துக்கொண்டு நிற்கமுடியுமா? அவர்களும் பிடித்தார்கள். ரங்கப்பரும் தட்டிலிருந்து இறங்கி, தலைப்பாகையை நெரிசலில் பறிகொடுத்து இழுத்தார். வெயில் தாழ்வதற்குள் தேர் நிலைக்கு வந்துவிட்டது.

வேலாண்டி கைகட்டி நின்றான். "பிரபு, தாங்கள் சொன்னது அந்த நாலில் எது? டோவா, டக்கா?"

ராஜா தம் சிவந்த கைகளைப் பார்த்தார். சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் கண்ணில் நீர் வரச் சிரித்தார். தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து வேலாண்டிக்குப் போர்த்தினார்.

"உன் பிள்ளைக்குத் தேக்குமரத் தொட்டில் ஒன்று தருகிறேன். நல்ல கனம். அரண்மனையிலிருந்து அதை ரங்கப்பரே உன் வீட்டுக்கு இழுத்துவருவார். எந்த வார்த்தை சொல்லி இழுப்பது என்பது அவர் இஷ்டம்."