காரைக்காலின் உலகக் கோப்பை

"காரைக்காலுக்கென்று ஒரு கொடி இருந்தால், கடலே எழுந்து நின்று…" என்று லூர்துநாதனின் பெரியப்பா ஒரு மேடையில் முழங்கினார். கடல் எழுந்து நின்று என்ன செய்யும் என்றார் என்பது லூர்துநாதனுக்கு மறந்துவிட்டது. கைதட்டல் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அவன் இருபது வருஷம் பிரான்சில், லியோன் நகரத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். நாற்பத்தெட்டு வயது, கோல்கீப்பர். ரியூனியன் தீவில் நடக்கும் மூத்தோர் கால்பந்துப் போட்டிக்குப் புதுச்சேரி அணி அவனைக் கூப்பிட்டிருந்தது. முழங்கால் போகிற போக்கில் இதுதான் கடைசி வாய்ப்பு. சாயங்காலத்துக்குள் பதில் சொல்லவேண்டும். ஆனால் ஹமீது பாய் டீக்கடையில் வேறு தீர்மானம்: காரைக்காலுக்குத் தனி டீம் கிடைக்கும்வரை நம்ம ஆள் ஒருத்தரும் போகக்கூடாது.

தனி டீம் ஆசை அவனுக்கும் இல்லாமல் இல்லை. லியோனில் யாராவது ஊரைக் கேட்டு, வரைபடத்தில் விரல் வைத்தால், காரைக்கால் நகத்துக்கு அடியில் மறைந்துவிடும்.

தீர்மானம் போட்டவர் தம்புசாமி. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து வந்தவர் என்பதால் ஊருக்கு அவர் 'சொல்தா', அதாவது சிப்பாய்.

"ரியூனியன் பிரான்சுக்குச் சொந்தம். ஆட்டம்னா மட்டும் தனி டீம். கேட்டா தீவுங்கிறான். நாம என்ன, சுத்தி தமிழ்நாடு இருக்கிற தீவுதானே? தனி டீம் நமக்குப் புதுசும் இல்ல. உலகக் கோப்பைக்கே போனோம். நான்தான் கேப்டன்."

"எப்போ?" என்றார் மீன் ஏலம் விடும் கலியமூர்த்தி.

"நீ அப்போ பொறக்கலைப்பா."

"உன்னைவிட மூணு வயசு மூத்தவன்யா நான்."

"பொறந்திருப்பே. விவரம் தெரிஞ்சிருக்காது. முதல் ஆட்டம் இங்கயே, பிரேசிலோட. நான் ஒரு உதை விட்டேன், பந்து வாஞ்சூர் சோதனைச் சாவடியைத் தாண்டி நாகூர்ல விழுந்துச்சு. தமிழ்நாட்டு போலீஸ் பிடிச்சுக்கிட்டான். உள்ளே சரக்கு இருக்கான்னு காத்தைப் பிடுங்கிப் பார்த்துட்டுதான் விட்டான். அதுவரைக்கும் பிரேசில்காரங்க இந்தக் கடையிலதான் டீ குடிச்சாங்க. கேளு பாயை."

"கடை போட்டே பத்து வருஷம்தான் ஆகுது," என்றார் பாய்.

"அதுக்கு முன்னாடி இருந்த கடை. குறுக்கே பேசாதீங்க பாய். ஃபைனலுக்கு வெளிநாடு போனோம். தேசிய கீதம் பாடுங்கன்னான். நம்மகிட்ட ஏது? ரைட் பேக் ஆடினவன் பஸ் கண்டக்டர். நெஞ்சுல கை வெச்சு, 'நிரவி, திருப்பட்டினம், வாஞ்சூர்'னு இழுத்தான் பாரு, லட்சம் பேர் எழுந்து நின்னாங்க. பாதிப் பேர் அழுதுட்டாங்க."

"மீதிப் பேர்?"

"பஸ்ஸைத் தேடினாங்க."

லூர்துநாதன் சிரித்ததில் டீ புரையேறிவிட்டது. தம்புசாமி அவன் முதுகில் தட்டிக்கொடுத்தபடியே தொடர்ந்தார்.

"இடைவேளையிலதான் வந்துச்சு வினை. திருநள்ளாத்துக்காரன், 'சனீஸ்வரனைப் பார்க்க உலகமே எங்க ஊருக்கு வருது, எங்களுக்குத் தனி டீம்'னான். உடனே நெடுங்காட்டுக்காரன் பிரிஞ்சான். கோட்டுச்சேரிக்காரன் மேலத்தெரு, கீழத்தெருன்னு ரெண்டு டீமாவே பிரிஞ்சுட்டான்."

"ஒரே ஆளா?"

"அவனுக்கு முக்கு வீடு."

கலியமூர்த்தி எழுந்து போகப் பார்த்தார். தம்புசாமி அவர் வேட்டி முனையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"கடைசி நிமிஷம். எதிராளி பந்தோட வர்றான். தடுக்க ஆளில்ல, அவனவன் அவனவன் நாட்டுல நிக்கிறான். நம்ம கோல்கீப்பர் என்ன பண்ணினான்? பெனால்டி கோட்டுக்குள்ள இருக்கிற இடத்தைத் தனி நாடுன்னு அறிவிச்சுட்டான். விசா இல்லாம பந்து உள்ளே வரக்கூடாது. ரெஃப்ரி சட்டத்தைப் புரட்டிப் பார்த்தார், சரியாத்தான் இருந்துச்சு. பந்து கோட்டு மேலயே நின்னுபோச்சு. இன்னைக்கும் நிக்குது."

"நம்ம ஆளுங்களுக்காவது விசா குடுத்தானா?"

"எப்படிக் குடுப்பான்? அவங்கல்லாம் வேற நாடு."

ஹமீது பாய் கழுவின டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "அப்போ அந்தக் கோல்கீப்பர் யாருக்குப் பந்தைப் போடுவாரு?"

தம்புசாமி மிச்சமிருந்த டீயைக் குடித்தார்.

லூர்துநாதன் கடையைவிட்டு வெளியே வந்து, புதுச்சேரிக்கு போன் போட்டு, ஆட வருகிறேன் என்று சொன்னான்.