கஞ்சிக் கிண்ணத்தின் மூடி

"சாமி, பசியை எப்படி வென்றீர்கள்?"

ஒரு மாத மௌன விரதம் முடிந்த காலை, மடத்தில் முதலில் எழுந்த கேள்வி இதுதான்.

கேட்டவர் அம்பலவாணன். வயது அறுபது. உணவுப் பொட்டலங்களை வடிவமைத்தே பேரும் பரிசும் வாங்கி, ஓய்வுக்குப் பின் வாகீச அடிகளிடம் சீடராக வந்து சேர்ந்தவர்.

அடிகளுக்கு எண்பத்தைந்து. உடம்பு பாதியாகியிருந்தது. இரண்டு பேர் தாங்கிப் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள்.

"யார் வென்றது?" என்றார்.

"தினமும் கஞ்சி வந்தது. நீங்கள் தொடவே இல்லையே, சாமி! ஊரே வியக்கிறது. வாசலில் கூட்டத்தைப் பாருங்கள்."

அடிகள் வாசலைப் பார்க்கவில்லை.

கஞ்சி வந்த கிண்ணமும் அம்பலவாணன் செய்ததுதான். மடத்து அடுப்பை அணைத்துவிட்டு, வெளியே கஞ்சி அடைத்து மூடிய கிண்ணங்களை வரவழைத்தார். கரும்புச் சக்கையில் கிண்ணம், சோளமாவில் மூடி. பிளாஸ்டிக் என்ற பேச்சே இல்லை.

"ஒன்று எடுத்து வா."

வந்தது.

"இதன் பெருமையைச் சொல்."

"காற்று போகாது, சாமி. எறும்பு நுழையாது. மண்ணில் போட்டால் மூன்றே மாதத்தில் மட்கிவிடும்."

"மண் இதைத் திறந்துவிடுமா?"

"பொடிப்பொடியாக்கிவிடும்."

"நல்லது. மண்ணுக்குள் போனதும் சாப்பிட்டுக்கொள்கிறேன்."

சிலர் சிரித்தார்கள். அடிகள் பேசினால் சிரிப்பதா அழுவதா என்பது மடத்தில் நெடுநாளாகத் தீராத வழக்கு.

"கையை நீட்டு."

அடிகள் விளக்கிலிருந்து எண்ணெயைத் தொட்டு, நடுங்கும் கையால் அம்பலவாணனின் விரல்களில் தடவினார்.

"கட்டைவிரல்களை உள்ளே மடக்கிக்கொள். இப்போது திற."

மூடியின் ஓரத்தில், பிடித்து இழுக்க நகத்தளவு ஒரு காது இருந்தது. அம்பலவாணன் துழாவினார். வழுக்கியது. மறுபடி துழாவினார். கிண்ணம் கவிழ்ந்தது. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அவ்வளவு நேர்த்தியான வேலை.

கடைசியில் பல்லால் கவ்வப் போனார்.

"எனக்குப் பல் ஏது? வாயை மூடு."

அம்பலவாணன் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"அப்படியானால் இத்தனை நாளும், சாமி..."

"பக்தர்கள் வைத்துவிட்டுப் போன வாழைப்பழம். அதை வடிவமைத்தவர் யாரென்று விசாரி."

"பேச வேண்டாம், ஒரு சைகையாவது காட்டியிருக்கலாமே!"

மௌனத்தில் சைகை கூடாது என்று ஒரு நூல் சொல்லும். கூடும் என்று இன்னொரு நூல் சொல்லும். அடிகள் இரண்டாவது கட்சி.

"காட்டினேனே. தினமும் கிண்ணத்தை இரண்டு கையாலும் உன்னிடம்தான் நீட்டினேன், திறந்து கொடுப்பாய் என்று."

அம்பலவாணனுக்கு எல்லாம் நினைவிருந்தது. குரு நீட்டுவது பிரசாதம். பணிந்து வாங்கினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். வெளியே போய்த் திறந்து, தானும் உண்டு, ஆளுக்கு ஒரு வாயாகப் பகிர்ந்தார். ஒருநாளும் தவறவில்லை.



"அம்பலவாணா," என்றார் அடிகள். "கஞ்சியில் உப்பு சரியாக இருந்ததா?"