பூட்டிய மிதியடி

கதை முடிவதற்குள் தீர்ப்புச் சொல்லுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. முழுக்கக் கேளுங்கள், அப்புறம் வாயைத் திறங்கள்.

நீர்மலை நாட்டில் சிலருக்கு ஒரு வரம் உண்டு. வெறுங்காலால் மண்ணை மிதித்து மனதில் நினைத்தால் போதும், அடியிலிருந்து தண்ணீர் பொங்கும். அவர்களை நீரழைப்பவர் என்பார்கள். வரம் என்று சொல்வது நான். அந்த நாட்டுச் சட்டம் அதைக் குற்றம் என்றது. காரணம் இல்லாமல் இல்லை. முன்பு ஒருவன் கோபத்தில் மிதித்த மிதியில் பனங்குடி என்ற ஊரே முழுகிப்போனது. அதன் பிறகு இந்த வரத்தோடு பிறந்த பிள்ளைகளைக் கோட்டையில் அடைத்து, காலில் மர மிதியடி மாட்டிப் பூட்டிவிடுவார்கள். கோட்டையின் கல் தரையில் மட்டும் அதைக் கழற்றலாம், கல்லில் நீர் வராது. ஆளுக்கொரு காவலன். சாவி அவன் கழுத்தில் தொங்கும்.

காவலன் வேலைக்குச் சேரும்போது ஒரு சத்தியம் செய்ய வேண்டும். "இவளிடமிருந்து ஊரைக் காப்பேன், ஊரிடமிருந்து இவளைக் காப்பேன்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று மாட்டிக்கொண்டவனைக் கேட்டால் அல்லவா தெரியும்!

கொற்றிக்கு ஆறு வயதில் பூட்டினார்கள். அவளுடைய காவலன் பெயர் ஏறன், நல்ல மனிதன். காவலர் தலைவர் கட்டியன் கோட்டைக்கு வரும்போதெல்லாம் கொற்றி ஒன்றே ஒன்று கேட்பாள்.

"ஆளில்லாத காட்டுல கொஞ்ச நாள் மண்ணை மிதிக்க விடுங்க. தண்ணிய வரவைக்க எனக்குத் தெரியும். நிறுத்தப் பழகணும்."

"பழகினா இன்னும் ஆபத்து," என்பார் கட்டியன்.

அவரைக் கொடியவர் என்று நினைத்துவிடாதீர்கள். பனங்குடியில் பிறந்தவர், அந்த வெள்ளத்தில் தாயைப் பறிகொடுத்தவர். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகுமா?

பல வருடம் கழித்து ஒரு கோடையில் கொற்றியை வேறு கோட்டைக்கு மாற்ற, ஏறனும் கட்டியனும் அவளைச் செம்மேடு என்ற ஊர் வழியாக அழைத்துப் போனார்கள். செம்மேட்டில் தீ. மேல்காற்றில் கூரைக்குக் கூரை தாவிக்கொண்டிருந்தது. கிணறுகள் வறண்டு கிடந்தன. மேலத்தெருக் களஞ்சியத்தில் நெல் குத்தப் போன பெண்களும் கூடப் போன பிள்ளைகளும் வெளியே வர வழியில்லாமல் சிக்கிக்கொண்டார்கள்.

கொற்றி நின்றுவிட்டாள். "பூட்டைத் திறங்க."

"கூடாது," என்றார் கட்டியன்.

"உள்ளே பிள்ளைங்க கத்துறது உங்க காதுல விழலையா?"

"விழுது. கீழத்தெரு பள்ளத்துல இருக்கே, அதுவும் என் கண்ணுல படுது."

கொற்றி ஏறன் பக்கம் திரும்பினாள். "அண்ணே, உன்கிட்ட மறைக்க மாட்டேன். தண்ணி வரும், எனக்கு நிறுத்தத் தெரியாது. கீழத்தெரு ஆளுங்களை மேட்டுக்கு ஏறச் சொல்லிட்டுத் திற."

ஏறன் கீழத்தெருவுக்கு ஓடிக் கத்தினான். சனங்கள் மேட்டுக்கு ஏறினார்கள். அவன் திரும்பி வந்து தலைவர் பேச்சை மீறிப் பூட்டைத் திறந்தான். கட்டியன் வாளை உருவ, குறுக்கே போய் நின்றுகொண்டான்.

கொற்றி மண்ணை மிதித்தாள். தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீறிட்டு வந்து தீயை அணைத்தது. களஞ்சியத்தில் இருந்த அத்தனை பேரும் பிழைத்தார்கள். ஆனால் தண்ணீர் நிற்கவில்லை. அவள் கெஞ்சினாள், அதட்டினாள், பாறைமேல் ஏறிப் பார்த்தாள், பலிக்கவில்லை. அது தானாக அடங்குவதற்குள் கீழத்தெரு போய்விட்டது. நடக்க முடியாமல் அங்கே வீட்டுக்குள் கிடந்த குயவர் ஆதனும் போய்விட்டார். வெளியூர்ச் சந்தைக்குப் போயிருந்த மகள் மருதி வந்து சேர்ந்தபோது அப்பனும் இல்லை, வீடும் இல்லை.

மறுநாள் ஊர் கூடியது. கட்டியன் சொன்னார்: "ஒரு உயிர் போயிருக்கு. சட்டப்படி இவளுக்கு மரணம்தான். தீயை அணைச்சதால ஒரு வழி விடறேன். மிதியடியை மாட்டிக்கட்டும். இனிக் கோட்டைக்குள்ளயும் கழற்றக் கூடாது. சாகிற வரைக்கும் காலோடயே இருக்கட்டும்."

"மாட்ட மாட்டேன்," என்றாள் கொற்றி. "அவர் செத்ததுல என் பங்கு இருக்கு, இல்லைன்னு சொல்லல. வெட்டறதுன்னா வெட்டுங்க. இப்படி மண்ணுல நின்னுக்கிட்டே சாகறேன்."

"சத்தியத்தை மீறினவன் நான். என்னைத் தண்டிங்க," என்றான் ஏறன்.

செம்மேட்டில் ஒரு வழக்கம் உண்டு. அகாலமாய்ச் செத்தவர் வீட்டார் யாரைக் கைகாட்டுகிறார்களோ அவருக்குத்தான் தண்டனை. என்ன தண்டனை என்பதையும் அவர்களே சொல்வார்கள், தலைவனானாலும் கட்டுப்பட வேண்டும். எல்லாரும் மருதியைப் பார்த்தார்கள்.

இப்போது சொல்லுங்கள். கொற்றி, ஏறன், கட்டியன், இந்த மூவரில் மருதி யாரைக் கைகாட்ட வேண்டும்?

விடை: மருதி கட்டியனைக் கைகாட்டினாள். பூட்டைத் திறக்காதே என்று சொன்னதற்காக அல்ல. அன்று பள்ளத்துத் தெருவை முதலில் நினைத்துப் பார்த்தவர் அவர்தான். கொற்றி தன் குறையை மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் இறங்கினாள். ஏறன் தெரிந்தே திறந்தான், எல்லாரையும் ஏற்றிவிட்டோம் என்று நம்பி ஒருவரைத் தவறவிட்டான். அவர்கள் கையிலும் பழி உண்டு. ஆனால் நிறுத்தப் பழக விடுங்கள் என்று கேட்டவளை, நிறுத்தத் தெரியாதவளாகவே வளர்த்து, அதையே அவள் குற்றமாக்கியவர் கட்டியன். அவர் பயம் நியாயமானது, அந்தப் பயத்துக்கு அவர் செய்த வைத்தியம்தான் ஆதனைக் கொன்றது. மருதி அவரிடம் சொன்னாள்: "இவ நிறுத்தப் பழகட்டும். பழகுற அத்தனை நாளும் பள்ளத்துல நீங்க நிக்கணும்." பிறகு கொற்றியைப் பார்த்தாள். "உன்னை மன்னிச்சிட்டேன்னு நினைக்காதே. முதல்ல கத்துக்க." கொற்றி வெறுங்காலோடு நடந்தாள். ஊரில் ஒருவரும் தடுக்கவில்லை.