கஞ்சா சங்கத்துக்கு ஒரு தலைவர்

ஜெர்மனியில் ஆளுக்கு மூன்று கஞ்சாச் செடி வீட்டில் வளர்க்கலாம், ஏழு பேர் சேர்ந்தால் சங்கமே வைக்கலாம் என்று சட்டம் வந்தது. சங்கம் என்று காதில் விழுந்தால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? ஸ்டுட்கார்ட்டில் ஏழு தமிழர்கள் சேர்ந்தோம். விதை வாங்கவில்லை, நிலம் பார்க்கவில்லை, தலைவர் தேர்தலை மட்டும் செப்டம்பரில் ஒரு ஞாயிறு வைத்துவிட்டோம். எந்த ரகம், எந்த மண் என்பதிலெல்லாம் தலைவர் வைத்ததுதான் சட்டம். போட்டி கோபிச்செட்டிபாளையம் நாச்சிமுத்துவுக்கும் தென்காசி இசக்கியப்பனுக்கும். கூட்டம் நாச்சிமுத்து வீட்டுத் தோட்டத்தில்; தன் பங்கு மூன்று செடியை அங்கே ஏற்கெனவே வளர்ப்பதாகச் சொல்லியிருந்தார். தலைவர் பதவி கிடைக்கும் முன்பே ஊரில் தம்பியிடம் சொல்லி வாழ்த்துப் போஸ்டர் அடித்துவிட்ட மனிதர் அவர்.

"ரகம் பொறுக்கறதுதானுங்க வித்தையே," என்று ஆரம்பித்தார். "இந்த ஊர்ல அக்டோபர் ஆனா பனி கொட்டிரும். அதுக்குள்ள பூக்கோணும். அதனால விதைகளுக்கு இன்டர்வியூ வெச்சனுங்க. முப்பது விதையை ஃப்ரீசர்ல போட்டுச் சாத்துனேன். காலைல தும்முனதையெல்லாம் கழிச்சுட்டேன். மூணு மட்டும் போர்வை கூடக் கேக்காமத் தூங்கிட்டு இருந்துச்சு. அதுகதான் என்ற செடி."

"விதை தும்முமா?" என்றேன்.

"காது குடுத்துக் கேக்கோணுமுங்க. அப்புறம் மண்ணு. இங்க வெறும் களிமண்ணு, தண்ணி நின்னு வேர் அழுகிரும். மணலும் மக்குன எருவும் கலந்தேன். கொஞ்சம் தூக்கலாப் போச்சுங்க. மண்வெட்டிய நட்டு வெச்சுட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பாத்தா காம்பு துளுத்து நாலு இலை விட்டிருக்குது."

"அண்ணாச்சி, மண்புழுவெல்லாம் சௌக்கியமா?" என்றார் இசக்கியப்பன்.

"எங்கீங்க! செடி வாசத்துல மல்லாந்து படுத்து ஆகாசத்தப் பாத்துட்டுக் கெடக்குதுங்க. போன மாசம் போலீஸ் நாய் ஒண்ணு மோப்பம் புடிச்சு வந்துச்சு. வேலியத் தாண்டுனதும் சம்மணம் போட்டு உக்காந்துருச்சு. கூப்புட வந்த போலீஸ்காரரும் பக்கத்துல உக்காந்துட்டாரு. ரெண்டு பேரும் லீவு லெட்டர் குடுத்துட்டுத்தான் போனாங்க. ஏர்போர்ட்டுல இருந்து போன் வேற. 'உங்க தெருவுக்கு மேல வந்தா ப்ளேன் எறங்க மாட்டேங்குது, அங்கயே சுத்திட்டு இருக்குது'ன்னு."

எங்களில் இரண்டு பேர் தலையாட்ட ஆரம்பித்துவிட்டார்கள். இசக்கியப்பனுக்கு முகம் வாடியது. பாவம், வேளாண்மைக் கல்லூரியில் படித்தவர், பொய் சொல்ல வராது.

"செடியக் காட்டுங்க, பாப்போம்," என்றார்.

காட்டினார். தோள் உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று நின்றது. விரல் விரலாக இலை. இசக்கியப்பன் ஒன்றைக் கிள்ளி மென்றார்.

"என்ன அண்ணாச்சி, புளிக்குதே?"

"எலுமிச்சை ரகமுங்க அது! ஒரு இலை தின்னா ஒம்பது நாளைக்கு ஊட்டில இருக்கற மாதிரியே இருக்கும்."

அப்போது நாச்சிமுத்துவின் மனைவி செல்வநாயகி கூடையோடு வந்து, அந்த இலைகளையே மளமளவென்று பறிக்க ஆரம்பித்தார்.

"எல்லாரும் இருந்து சாப்புட்டுத்தான் போகோணும். புளிச்சக்கீரை கடையறேன். எங்கம்மா குடுத்துவிட்ட விதைங்க."

நாச்சிமுத்துவின் குரல் இறங்கிவிட்டது. "அப்ப என்ற செடி?"

"அதுங்களா? ஜூன்ல நீங்க ஆபீஸ் வேலையா மூணு வாரம் போனீங்கல்ல, அப்ப ஏதோ களைன்னு புடுங்கிப் போட்டுட்டுத்தான் அதே எடத்துல இதை வெதச்சேன். வந்ததுல இருந்து நீங்களே தெனம் தண்ணி ஊத்துனீங்க. கீரை மேல இத்தன பிரியமான்னு நெனச்சேன்."

ஆறு கைகள் இசக்கியப்பனுக்கு உயர்ந்தன. நாச்சிமுத்து தன் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். எனக்கே பாவமாக இருந்தது.

புதுத் தலைவருக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. "எல்லாம் சரி மதினி. செடி ஜூன்லயே போயிட்டு. அப்ப அண்ணாச்சி இம்புட்டு நேரம் எதை இழுத்துட்டு இப்பிடிப் பேசுதாரு?"

செல்வநாயகி கீரையை உதறிக்கொண்டே சொன்னார்: "மத்தியானம் ஒரு டம்ளர் மோர் குடிச்சாருங்க."