சுண்டுவிரல் அகலம்

கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் ராடு வெல்டிங்கை நிறுத்திவிட்டு, கம்பிச் சுருள் போட்ட புது மெஷின்களை இறக்கினார்கள். சொல்லிக்கொடுக்கத் துவாக்குடியிலிருந்து பிலோமினா என்ற பெண் வந்தாள். சனிக்கிழமை ஆளுக்கொரு பரீட்சைத் தகடு. ஒட்டியதை வளைத்துப் பார்ப்பார்கள். விரிசல் விட்டால் அந்த ஆள் பெயிண்ட் ஷெட்டுக்குப் போய் உப்புத்தாள் தேய்க்க வேண்டியதுதான்.

அங்கே மூத்த வெல்டர் சென்னியப்பன். அவர் ஒட்டிய பஸ் உருண்டாலும் கூடு பிரியாது என்று முதலாளியே வந்தவர்களிடம் சொல்லுவார். மகள் வயதுப் பெண்ணிடம் பாடம் கேட்க அவருக்கு வெட்கமில்லை. கைக்குத்தான் பிடிபடவில்லை.

பிலோமினா முதல் வேலையாக ஃபேனை நிறுத்தினாள்.

"வேர்க்குதுங்களே அம்மணி."

"வேர்க்கட்டும்ண்ணே. ராடுல பூசின மருந்து எரிஞ்சு அதுவே மூடிக்கும். இதுக்கு கேஸ்தான் போர்வை. ஃபேன் அடிச்சா போர்வை பறந்துரும். ஒட்டின இடமெல்லாம் பொத்தல் விழும்."

எர்த் ஒயரின் கவ்வி பிடிக்கும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி இரும்பைப் பளபளப்பாக்கினாள். கம்பியை உருளைகளுக்கு நடுவே விட்டுத் திருகை இறுக்கினாள். ரொம்ப இறுக்கினால் கம்பி நசுங்கும், தளர்த்தினால் வழுக்கும் என்றாள். இரண்டு குமிழ்களைக் காட்டினாள். ஒன்று சூட்டுக்கு, ஒன்று கம்பியின் வேகத்துக்கு. அவள் ஒரு கோடு போட்டபோது காய்ந்த எண்ணெயில் வெங்காயம் விழுந்த மாதிரி ஒரே சீராகச் சத்தம் வந்தது.

"இந்தச் சத்தம்தாண்ணே. இது மாறினா ஏதோ தப்பு."

சென்னியப்பன் கம்பியும் கேஸும் வரும் கன்னை வாங்கினார். விசையை அழுத்தினார். சத்தம் வந்தது. இரண்டு விரற்கடை போனதும் 'டப்'பென்றது. கம்பி எரிந்து ஏறிக் கன்னின் செம்பு முனையிலேயே ஒட்டிக்கொண்டது.

பிலோமினா முனையைக் கழற்றி வேறு மாட்டினாள். மறுபடி 'டப்'.

ராடு எரிய எரியக் குட்டையாகும். கை அதோடு இறங்க வேண்டும். இத்தனை வருஷமாக அவர் கை கற்ற வித்தையே அந்த இறக்கம்தான். இந்தக் கம்பி குட்டையாகவில்லை. கை மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது.

ஒருவழியாக ஒரு கோடு முடிந்ததும், ராடு பழக்கத்தில் சுத்தியலை எடுத்து, மேலே படிந்த கசடு உதிர அதைத் தட்டினார். இதில் கசடே கிடையாது.

பக்கத்து மெஷினில் இருந்த மாரப்பன் முகமூடியைத் தூக்கிப் பார்த்தான். "ஏனுங் மாமா, கதவத் தட்டறீங்களா? உள்ள ஆருமில்லீங்."

ஷெட்டே சிரித்தது. சென்னியப்பனும் சிரித்தார். சுத்தியலைக் கீழே வைக்கும்போது மட்டும் சத்தம் வராமல் வைத்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் அவர் பிலோமினாவிடம் வந்து நின்றார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருக்கவில்லை.

"ஒண்ணு கேக்கலாங்களா அம்மணி?"

"கேளுங்கண்ணே."

"கம்பி தானா வருது. கேஸும் தானா வருது. சூட்டை மெஷின் பாத்துக்குது. அப்பறம் நான் எதுக்குங்க?"

அவள் கன்னை வைஸில் வைத்துக் கவ்வவிட்டாள். முனைக்குக் கீழே மெல்லிய தகடு ஒன்றை வைத்தாள். இருவரும் முகமூடியை இறக்கினார்கள். விசையை அழுத்தி அப்படியே பிடித்தாள். கம்பி தானாக வந்தது. வந்த இடத்திலேயே உருகியது, வீங்கியது, சிவந்து தொங்கியது, தகட்டையும் துளைத்துக்கொண்டு பொத்தென்று தரையில் விழுந்தது.

தகட்டை இடுக்கியால் எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். ஓட்டை வழியாக மாரப்பனின் செருப்பு தெரிந்தது.

"தானா வந்தா இப்படி வரும்."

சென்னியப்பன் அந்த ஓட்டையைப் பார்த்தார்.

"செரி. அப்ப எவ்வளவு கிட்ட இருக்கோணும்?"

அவள் முனைக்கும் தகட்டுக்கும் நடுவே தன் சுண்டுவிரலைப் படுக்கை வசமாக வைத்தாள்.

"இவ்வளவுதான். குறைஞ்சா கம்பி முனையில ஒட்டிக்கும். ஆரம்பிக்கறப்பவும் இவ்வளவு. முடிக்கறப்பவும் இவ்வளவு."

வெள்ளிக்கிழமை அவருக்கு மெஷினே கிடையாது என்றாள். கம்பிக்குப் பதில் கன்னின் முனையில் ஓர் ஈர்க்குச்சியைச் செருகினாள். சுண்டுவிரல் அகலம் நீட்டிக்கொண்டிருந்தது. சாக்பீஸ் கோட்டின் மேல் அதை ஓட்ட வேண்டும். குச்சி தகட்டைத் தொட்டுக்கொண்டே போக வேண்டும், வளையக் கூடாது.

ஒடிந்தது. அடுத்ததும் ஒடிந்தது. சாயங்காலம் ஷெட் கூட்டும் அம்மா இடுப்பில் கைவைத்து நின்றாள். "வெளக்கமாறு மொட்டையாப் போச்சு. நாளைக்கு உன் மீசையிலதான் கூட்டோணும், பாத்துக்க."

கடைசிக் குச்சி கோடு முடியும்வரை ஒடியாமல் போனது. அதை அவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை சூப்பர்வைசர் வந்து நின்றார். சென்னியப்பன் தாமாகவே போய் ஃபேனை நிறுத்தினார். எர்த் வைக்கும் இடத்தைச் சுரண்டினார். முகமூடியை இறக்கினார். சொல்லிக்கொடுத்தவர்கள் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. பிலோமினா இரண்டடி தள்ளி நின்றாள்.

வெங்காயச் சத்தம் எழுந்தது. கோடு பாதி தாண்டியது. சத்தம் சற்றே கரகரத்தது. முகமூடிக்குள் சென்னியப்பன் அதைக் கேட்டார். கை இறங்கிக்கொண்டிருந்தது. மூச்சை விட்டார். மயிரிழை தூக்கினார். சத்தம் திரும்பி வந்தது. கோடு முடிந்தது.

தகடு ஆறியதும் வைஸில் வைத்து அடித்து வளைத்தார்கள். லாடம் போல வளைந்தது. சூப்பர்வைசர் விரலால் தடவிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "நீங்க இங்க வெல்டிங்லயே இருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

மாரப்பன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். "மாமா, நடுவுல சத்தம் மாறுச்சே, அப்ப டீச்சரம்மா கைய நீட்டிட்டாங்க. புடிச்சுருவாங்கன்னே நெனச்சேன். புடிக்கல. கையப் பின்னாடி கட்டிக்கிட்டாங்க."

சென்னியப்பன் குடித்து முடித்தார். பிலோமினா ஒரு மூலையில் கேஸ் குழாயைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"கை எறங்குனது தெரிஞ்சுதுங்களா?"

"தெரிஞ்சுதுண்ணே."

"கம்பி முனையில ஒட்டியிருந்தா என் பொழப்பு போயிருக்கும்."

"ம்."

"விதிக்குப் பயந்துதான் புடிக்கலீங்களா?"

"இல்லண்ணே."

குழாயைக் கீழே வைத்தாள். தனக்கும் அவருக்கும் நடுவே தன் சுண்டுவிரலைப் படுக்கை வசமாகத் தூக்கிப் பிடித்தாள்.

"இந்த இடம் இருந்தாத்தான் எரியும்."