விளிம்பு வரை

காவ் தெங் மலையேறி வந்தபோது அவருக்கு அறுபது வயது. சீடனாகச் சேருகிற வயதா அது? குருவான யுன்லான் அம்மையாருக்கு நாற்பதுகூட நிறையவில்லை. முன்பின் தெரியாத யாராவது பார்த்தால் மகளைப் பார்க்க வந்த அப்பா என்றுதான் நினைப்பார்கள்.

"எதற்கு வந்தீர்கள்?" என்று யுன்லான் கேட்டார்.

"சமவெளியில் மதுக்கடை வைத்திருந்தேன். ஜாடி வாங்க வெளியூர் போயிருந்த சமயத்தில் என் மனைவி இறந்துவிட்டாள். நான் திரும்பி வருவதற்குள் புதைத்தும் விட்டார்கள். முகம்கூடப் பார்க்கவில்லை, குருவே."

"அதற்கு நான் என்ன செய்ய வேண்டும்?"

"போனவர்களை வரவழைத்து உட்காரவைக்க உங்களுக்குத் தெரியும் என்று அடிவாரத்தில் பேசிக்கொள்கிறார்கள்."

யுன்லான் அடுப்பைக் காட்டினார்.

"தண்ணீர் கொதிக்கிறது. இறக்கிவையுங்கள்."

அன்றிலிருந்து அவர் சீடன். விறகு பிளந்தார், ஊற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தார், தேயிலையை வாட்டினார். முதல் தண்ணீரை இலைமேல் ஊற்றி உடனே கொட்டிவிட வேண்டும், அது இலையைத் தூக்கத்திலிருந்து எழுப்ப மட்டும்தான் என்று தெரிந்துகொண்டார். கொட்டும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரியும். வியாபாரியின் வயிறு அல்லவா.

விளக்கேற்றும் நேரத்தில் யுன்லான் மூன்று கோப்பைகளில் தேநீர் ஊற்றுவார். ஒன்று தனக்கு, ஒன்று காவ் தெங்குக்கு. மூன்றாவதை ஆளில்லாத முக்காலியின் முன்னால் வைப்பார். அதில் மட்டும் நிறமே பிடிக்காத இளந்தேநீர், இலை சாரமெல்லாம் விட்டபின் வருகிற கடைசித் தண்ணீர்.

மூன்றாவது கோப்பை யாருக்கு என்று காவ் தெங் கேட்கவில்லை. ஏதோ சாமிக்கு என்று நினைத்துக்கொண்டார். ஆனால் கழுவ எடுக்கும்போது அது காலியாக இருந்தது.

எலியாக இருக்கும் என்றார் தனக்குத் தானே. மறுநாளும் காலி. கோப்பையில் கீறல் இருக்கிறதோ என்று தண்ணீர் ஊற்றி வெயிலில் வைத்துப் பார்த்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. அதன்பிறகு அந்த முக்காலிப் பக்கம் துடைப்பத்தைக் கொண்டுபோகக்கூட அவருக்குக் கால் வரவில்லை.

ஒரு மாலை, யுன்லான் அந்தக் கோப்பையில் ஊற்றி முடித்ததும் மேசையில் சத்தம் கேட்டது.

டொக். டக்.

யாராவது ஊற்றித் தந்தால் இரண்டு விரலால் மேசையைத் தட்டுவது அந்த நாட்டில் நன்றி சொல்கிற வழக்கம். காவ் தெங்கின் கடையிலும் மது வாங்குகிறவர்கள் தட்டுவார்கள். ஆனால் இப்படித் தட்டுகிறவள் ஒருத்திதான். மெய் என்ற அவர் மனைவிக்குத் திரிகையில் நசுங்கிய நடுவிரல் நேராக நிமிராது. முதல் தட்டு அழுத்தமாக விழும், இரண்டாவது பட்டும் படாமலும்.

காவ் தெங்குக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பயந்தார். பயம் அடங்கியதும் அழுதார். யுன்லான் தன் தேநீரைக் குடித்தபடி இருந்தார்.

மறுநாள் முதல் மாலையானால் காவ் தெங் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, இருக்கிற நாலு முடியைச் சீவி, தாடியை நீவிவிட்டு வந்து உட்கார்ந்தார். யுன்லான் உள்ளே போகிற சமயம் பார்த்து முக்காலியிடம் குனிந்து பேசினார். "கடையை மூடிவிட்டேன் மெய். இருமல் எப்படி இருக்கிறது?" பதில் வராது. அதனால் என்ன? உயிரோடு இருந்தபோதும் அவள் அதிகம் பேசினவள் அல்ல.

ஒரே ஒரு குறைதான் அவர் மனதை அரித்தது. யுன்லான் எந்தக் கோப்பையையும் முக்காலுக்கு மேல் நிரப்புவதில்லை. கடைசித் தண்ணீர், அதிலும் அரைகுறை. அவர் கடையில் அப்படி ஊற்றியிருந்தால் வாங்குகிறவன் கோப்பையை முகத்திலேயே வீசியிருப்பான். மது என்றால் விளிம்பு வரை ஊற்ற வேண்டும், அதுதான் மரியாதை. சமவெளியில் தேநீரைக் கண்டது யார்? எல்லோருக்கும் வெந்நீர்தான். ஆகவே குரு ஞானி, ஆனால் கஞ்சம் என்று அவர் முடிவுகட்டினார்.

மூடுபனி இறங்கியிருந்த ஒரு மாலை. மலை இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. யுன்லான் தேநீர்க் கெண்டியைக் கையில் எடுத்தார், திரும்பக் கீழே வைத்தார். பிறகு அதைக் காவ் தெங் பக்கம் நகர்த்தினார்.

"இன்று நீங்கள் ஊற்றுங்கள்."

"மூன்றாவதையுமா?"

"அதையும்தான்."

யுன்லான் கைகள் இரண்டையும் மடியில் இறுக்கிக் கோத்துக்கொண்டார். குளிர் என்று காவ் தெங் நினைத்தார்.

அவருக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமல்ல. மனைவிக்குத் தன் கையால் ஊற்றித் தரப் போகிறார். மற்ற இரண்டு கோப்பைகளில் கடமைக்கு ஊற்றிவிட்டு மூன்றாவதை எடுத்தார். அன்றைய நல்ல தேநீர், கடைசித் தண்ணீர் அல்ல. விளிம்பு வரை ஊற்றினார். விளிம்புக்கு மேலும் எழும்பி, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் நின்றது. வாழ்நாளெல்லாம் மது ஊற்றின கை.

"குடி மெய்" என்று முக்காலியின் முன்னால் வைத்தார்.

தட்டும் சத்தம் கேட்கவில்லை.

அவர் காத்திருந்தார். விளக்கின் திரி படபடத்தது. முக்காலி ஒருமுறை கிறீச்சிட்டது, உட்கார்ந்தவர் எழுந்தால் கேட்குமே, அப்படி. வாசலில் தொங்கிய மூங்கில் தட்டி வெளிப்பக்கமாக விலகி மறுபடி விழுந்தது. காற்று இல்லை.

"மெய்!"

விளக்கை எடுத்துக்கொண்டு ஓடினார். பனியில் நனைந்த கல்படிகளில் கால்தடம் இருந்தது. ஒவ்வொரு படியிலும் இரண்டு கால், படிக்குப் படி நின்று நின்று இறங்கியிருந்தது. அவர் குனிந்து ஒரு தடத்தின் பக்கத்தில் தன் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். தடம் அதைவிடச் சின்னதாக இருந்தது.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மறைந்து போனது.

உள்ளே திரும்பி வந்தபோது யுன்லான் இருந்த இடத்திலேயே இருந்தார். மூன்றாவது கோப்பை ததும்பியபடி நின்றது.

"அது என் மனைவி இல்லை" என்றார் காவ் தெங்.

"இல்லை."

"யார் அது?"

"என் மகள். ஐந்து வயது. நீங்கள் இங்கே வருவதற்கு வெகு காலம் முன்பே போய்விட்டாள்."

"அந்தத் தட்டு..."

"பெரியவர்களைப் பார்த்துப் பழகியது. இரண்டாவது விரல் அவளுக்குச் சரியாக வராது."

காவ் தெங் விளக்கைக் கீழே வைத்தார். "இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?"

"நீங்கள் தலை சீவிக்கொண்டு வந்து உட்கார்ந்தீர்கள்."

அவருக்கு வெட்கமாகவும் துக்கமாகவும் இருந்தது. பிறகுதான் மற்றதைக் கேட்கத் தோன்றியது.

"அவள் ஏன் எழுந்து போனாள்? நான் நல்ல தேநீராகத்தானே ஊற்றினேன்?"

"மதுவை நிறைய ஊற்றினால் மரியாதை. தேநீர் அப்படி அல்ல. முக்கால் ஊற்றினால், இருங்கள், இன்னும் பேசலாம் என்று பொருள். விளிம்பு வரை ஊற்றினால், போதும், கிளம்புங்கள் என்று பொருள். மலையில் பிறந்த குழந்தைக்கு இது தெரியும்."

காவ் தெங் தரையில் மண்டியிட்டார். பெற்றவளின் கண் முன்னாலேயே குழந்தையை வெளியே விரட்டிவிட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு முழுதாக உறைத்தது. "தெரியாமல் செய்துவிட்டேன். வேறு கோப்பை வையுங்கள் குருவே. கடைசித் தண்ணீரை ஊற்றுங்கள், குறைவாக ஊற்றுங்கள். வந்துவிடுவாள்."

"வரமாட்டாள்."

"நீங்கள் பக்கத்தில்தானே இருந்தீர்கள்! ஊற்றும்போது பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள்! என் கையைப் பிடித்திருக்கக் கூடாதா?"

யுன்லான் கோப்பையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எனக்கு உட்காரவைக்கத் தெரிந்தது, அனுப்பத் தெரியவில்லை. போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் அந்த முக்காலியிலேயே அவள் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மாலையும் இன்று நிரப்பிவிட வேண்டும் என்று கெண்டியை எடுப்பேன். முக்கால் நிரம்பியதும் என் கை நின்றுவிடும்" என்றார். "மதுக்கடைக்காரர் ஒருவர் வர வேண்டியிருந்தது."